கப்பலில் எந்த அறை?

லா ஷப்பல்
செவ்வாய், 2.9.2025

இஞ்சேருங்கோ,

உங்கள் சுகம் கேட்க வேண்டியதில்லை, குறட்டை தெருவுக்குக் கேட்கிறது. நேற்று ஸ்ரீபன் போன் எடுத்தான். பிள்ளை தன் காசில் எங்கள் இரண்டு பேருக்கும் கப்பலில் ஏழு நாள் எடுத்துத் தந்திருக்கிறான், ஜன்னல் இல்லாத உள் அறை. நீங்கள் அவனிடம் ‘சுவீத்’ விசாரித்தீர்களாம். படுக்க ஒரு அறை, இருக்க ஒரு அறை, கடலைப் பார்க்கப் பல்கனி, மணி அடித்தால் கோப்பி கொண்டுவர ஆள். மேலதிகமாக ஆயிரத்து அறுநூறு யூரோ! உங்களுக்கு என்ன விசரா? குடியிருக்கிற வீட்டிலேயே இத்தனை வசதி இல்லை. சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். நான் வேண்டாம் என்கிறேன்.

கணவாய்க் கறி சட்டியில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

உங்கள் றோஸ்


புதன், 3.9.2025

அன்புள்ள றோஸ்,

கறி நல்லது, உறைப்புத்தான் காணாது. முப்பத்தொரு வருஷம் மொன்பார்னாஸ் ரெஸ்ரோறண்டில் ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்ட மனுஷன் நான். இந்த மாதத்தோடு ஓய்வு. ஒரு கிழமைக்கு யாராவது எனக்குக் கோப்பி கொண்டுவரட்டும் என்று ஆசைப்பட்டால் விசரா? நீரும் விடிய முதல் ஒபீஸ் கூட்டப் போகிறீர், பிறகு பள்ளிக்கூடக் கன்ரீன். நான் வேலையால் வர நீர் நித்திரை, நீர் எழும்ப நான் நித்திரை. சாப்பாட்டு மேசையில் கடிதம் வைத்தே ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கிவிட்டோம். எங்களுக்கு ஒரு பல்கனி தகாதா?

எங்கள் சமையலறை அர்னோ அந்த உள் அறையில் போய் வந்தவன். ஒருவர் உடுப்பு மாற்ற மற்றவர் கட்டிலில் ஏறி நிற்க வேண்டுமாம். யோசித்துச் சொல்லும்.

அன்புடன் லோறன்ஸ்


வியாழன், 4.9.2025

இஞ்சேருங்கோ,

யோசித்தேன். நீங்கள் கோப்பி குடிக்கிறதில்லை. கலியாணம் கட்டிய நாளில் இருந்து தேத்தண்ணிதான். பல்கனியில் நின்றால் உங்களுக்குத் தலை சுற்றும், ஸ்ரீபனின் ஐந்தாம் மாடி வீட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பீர்கள். அப்போ இந்தப் பெரிய அறை எதற்கு? மறைக்காமல் சொல்லுங்கோ.

றோஸ்


வெள்ளி, 5.9.2025

அன்புள்ள றோஸ்,

பிடித்துவிட்டீர். கோப்பிக் கதை பொய்தான்.

எனக்குப் பயம். ஞாயிறு உமக்கு லீவு, திங்கள் எனக்கு. இரண்டு பேரும் முழிப்பாக ஒரே அறைக்குள் ஒரு முழு நாள் இருந்தது எப்போது என்று எண்ணிப் பார்த்தேன், நினைவு வரவில்லை. கடிதத்தில் உம்மோடு எவ்வளவும் கதைப்பேன். நேரே இருந்தால் என்ன கதைப்பது? என் முகத்தைப் பார்த்து உமக்கு அலுத்துப்போனால்? இரண்டு அறை இருந்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கலாம் என்றுதான் கேட்டேன். கப்பலால் இறங்கிய பிறகும் ஒவ்வொரு நாளும் நான் வீட்டில்தானே.

கோவிக்காதையும்.

லோறன்ஸ்


சனி, 6.9.2025

என்ரை இஞ்சேருங்கோ,

நேற்றுப் பின்னேரம் வாசித்ததும் கோபம்தான் வந்தது. கட்டின மனுஷியிடம் இருந்து தப்ப ஆயிரத்து அறுநூறு யூரோவா என்று சட்டியைப் போட்டு அடித்தேன். பிறகு அழுதேன். ஏனென்றால் எனக்கும் அதே பயம். கப்பலில் உங்களோடு கதைக்க என்ன இருக்கிறது என்று நானும் ஒரு கடதாசித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது விஷயம்தான் வந்தது. அதிலும் நாலு ஸ்ரீபனைப் பற்றி.

ஆனாலும் ஸ்ரீபனுக்குச் சொல்லிவிட்டேன், உள் அறையே போதும் என்று. ஜன்னல் இல்லாவிட்டால் விடிந்ததும் தெரியாது, இருண்டதும் தெரியாது. உங்களுடைய நேரம் என்றும் என்னுடைய நேரம் என்றும் அதற்குள் ஒன்றும் இல்லை. ஒதுங்க இடமில்லாமல் இருந்து பார்ப்போம். அலுத்தால் அலுக்கட்டும், முப்பது வருஷமாக அலுத்துப் பார்க்கக்கூட எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

உறைப்புக் கூட்டிக் கோழிக் கறி வைத்திருக்கிறேன்.

உங்கள் றோஸ்


கப்பலில்
வியாழன், 9.10.2025

அன்புள்ள றோஸ்,

நீர் குளிக்கிற இடைக்குள் எழுதுகிறேன். அர்னோ சொன்னது சரி, இந்த அறையில் எழுதக்கூட முழங்கையை மடக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் இரண்டு பேரும் பதினொரு மணிக்குத்தான் எழும்பினோம். காலைச் சாப்பாடும் போய்விட்டது, நேபிள்ஸ் பார்க்கப் போன பஸ்ஸும் போய்விட்டது. நீர் கட்டிலில் இருந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டினான்.

உம்முடைய சிரிப்பு இவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முதல் ஒபீஸ் வாசலில் மூன்று நாள் ஸ்ட்றைக் செய்து, எல்லாருக்கும் முன்னால் நின்று மேளம் அடித்தவர் நீர் என்றும் நேற்று இரவு நீர் சொல்லும் வரை எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் நீர் எழுதி வைத்தது, “மீன் குழம்பு இருக்கு, சூடாக்குங்கோ” என்று மட்டும்தான். எனக்குப் பெருமையாக இருக்கிறது றோஸ். கவலையாகவும் இருக்கிறது, நான் வந்து பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. இதற்குப் பதில் எழுதாதையும், கதவைத் திறந்துகொண்டு வந்து வாயால் சொல்லும்: மேளம் ஆர் தந்தது?

உம்முடைய லோறன்ஸ்