சேதியோடு ஓடிவந்த உன் அண்ணன்

நீ போன சேதி என்னிடம் வந்து சேர்ந்தது காலை ஒன்பது நாற்பதுக்கு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? எங்கள் சாலை வேலையின் வெள்ளைக்காரத் துரை தன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பின் பலனாகப் போன வாரம் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே உன் அண்ணனுக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. புது ரப்பர் வாடை இன்னும் கூடாரம் முழுக்க அடிக்கிறது.

அன்று மலையடிவாரத்தில், காரவள்ளியில் மலைச்சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தோம். நீ காய்ச்சலோடு மலைமேல் தேவனூர் நாட்டில், உன் அம்மா வீட்டில். தியோடலைட் என்ற அளவைக் கருவியின் கண்ணாடிக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாகவே உன் அண்ணன் மலையிறங்கி ஓடிவந்தார்.

துரை பந்தயப் பைத்தியம். ஆள் கண்ணில் பட்டதிலிருந்து நேரம் கணக்கிட்டுக் கை தட்டினார். தண்ணீர்க் குவளையை நீட்டினார். எழவு சொல்ல வருகிறவர் சொல்லி முடிக்கும்வரை உட்காரமாட்டார், நாக்கை நனைக்கமாட்டார் என்று அவருக்கு யார் சொல்வது?

"தண்ணி அப்புறமுங்க" என்றார் உன் அண்ணன். "தங்கச்சி போயிட்டா மாப்ள."

துரை சிரித்துக்கொண்டே நின்றார். அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னவன் நான். உன் சாவை என் வாயால் முதலில் கேட்டது அந்த ஆள். தொப்பியைக் கழற்றினார், சரி. குறித்த நேரத்தை மட்டும் அடித்து அழிக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் மராத்தான் ஓட்டமாம், துரை உன் அண்ணன் பெயரைக் கொடுத்துவிட்டார். அந்தக் கதையை ஒருநாள் உனக்குச் சொன்னேனே! மராத்தான் போர்க்களத்திலிருந்து வெற்றிச் சேதியோடு ஒருவன் தலைநகருக்கு ஓடினான், சொன்னான், விழுந்து செத்தான், அவன் நினைவாகத்தான் தேசதேசமாக ஓடுகிறார்கள் என்று. மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாய்: "ஏனுங்க, ஒரு சொம்பு தண்ணி குடுக்க அந்த ஊர்ல நாதியில்லீங்களா? அதுக்கு ஓட்டம் வேறயா?"

இன்று செம்மேட்டுச் சந்தையில் உன் அண்ணனைப் பிடித்தேன். "போகாதீங்க மச்சான். நம்ம ஊட்டு எழவுல அந்தத் துரை உங்களைப் பந்தயக் குதிரையாட்டம் பாத்துருக்கறான்" என்று கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது.

அவர் மிளகு மூட்டையை இறக்கிவைத்தார். "ஓடி முடிச்சு அங்க யாருக்கு என்ன சேதி சொல்லோணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா ஓடோணும், அவ்வளவுதான்."

"அப்ப ஓடறேன் மாப்ள."

"ஏனுங்க மச்சான்!"

"அன்னைக்கு வழி நெடுக, இந்தப் பாதை முடியவே கூடாது சாமின்னு வேண்டிக்கிட்டே ஓடுனேன். வாய்ல சேதி ஒண்ணுமில்லாம ஒருவாட்டி ஓடிப் பாக்கறனே."

துரைமேல் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் ஓடட்டும். அவர் சுமந்துவந்ததை என்னிடம் சொல்லி இறக்கிவிட்டார். எனக்கு என்ன நடந்தாலும் முதலில் உன்னிடம்தானே ஓடிவந்து சொல்வேன் கண்ணு. நீ போன சேதியை நான் யாரிடம் போய்ச் சொல்ல?