கண்ணாடி ஜோடி

ஜனவரி 9, புதன்

வாசலில் முழங்கால் உயரத்துக்கு வெண்பனி. நானே தள்ளினேன். எழுபது வயதில் முதுகு கேள்வி கேட்கிறது, கேட்கட்டும். உள்ளே வந்தால் என் வீட்டுக்காரர் கென்சோ, மீசோ சூப் கிண்ணத்தை இடது கையால் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துக்கொண்டிருந்தார். கோடையில் மூளையில் ரத்தம் அடைத்து வலப்பக்கம் விழுந்துபோன மனிதர். இதற்கு மேல் என்ன கேட்பது? கேட்கத்தான் செய்கிறேன். அமுக்கிப் பழக மருத்துவமனைப் பெண் கொடுத்த ரப்பர் பந்தை வலது கையில் வைத்தால் உருட்டிவிடுகிறார்.

"அம்பது வருஷமா உன் கையப் பிடிச்சவன். இப்போ பந்தப் பிடிக்கணுமா?"

இவ்வளவு நீளமாகப் பேசி மாதக்கணக்காகிறது. அதனால் சண்டை போடவில்லை.

ஜனவரி 14

தலைக்கவசத்தோடு, மெதுவாக என்றால் சறுக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பனித்தளத்துக்கு அழைத்துப் போனேன். ஸ்கேட் கயிற்றை நான் இறுக்கிக் கட்டினேன். அதற்கும் குறை சொன்னார். நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

ஜோடியாக ஆடும் வால்ட்ஸ் நடனப் பிடியில் ஆணின் வலது கை பெண்ணின் முதுகில் இருக்க வேண்டும். அவர் கை ஈரத் துணிபோல நழுவியது. எல்லாரும் சுற்றுவதுபோல இடப்பக்கமாகச் சுற்றினோம். அப்படிச் சுற்றினால் வெளியே இருக்கும் வலது கால்தான் தள்ளவேண்டும். அது தள்ளவில்லை. முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை.

"போதும் மிட்சு. இனி நான் வரல."

அவர் வராவிட்டால் நான் மட்டும் போய் என்ன செய்ய? என் ஆட்டத்தில் பாதி அவரிடம் இருக்கிறது.

ஜனவரி 20

ஸ்கேட்டைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்கிறார். வைக்கவில்லை.

ஜனவரி 27

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

குளிர்காலத்தில் துணி வீட்டுக்குள்தான் காய்கிறது. அறை வாசலில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டேன். அந்தப் பக்கம் விளக்கு, இந்தப் பக்கம் கென்சோ. திடீரென்று சிரித்தார். பயந்துபோய் ஓடினேன். இடது கையால் விரிப்பைக் காட்டினார்.

"நாம... இந்தப் பக்கம்தானே உட்கார்ந்தோம்."

எங்களுக்குப் பயிற்சியாளர் கிடையாது. எங்கள் ஊர் குஷிரோவில் பனி ஹாக்கிக்கு ஆள் உண்டு, பனி நடனத்துக்கு யார்? ஒரு மாலுமியிடம் பனி நடனப் படச்சுருள் வாங்கி, அறைக் கதவைக் கழற்றிவிட்டு விரிப்பைக் கட்டி, அந்தப் பக்கமிருந்து ஒளியைப் பாய்ச்சினோம். ஆடிப் பார்க்க இடம் இந்தப் பக்கம்தான் இருந்தது. படம் இடம் வலமாக மாறித் தெரிந்தது எங்களுக்கு உறைக்கவே இல்லை. ஊர்த் தளத்தில் ஆள் எழும் முன்பே போய்ப் பழகியதால் சொல்லவும் யாருமில்லை. 1974-ல் சப்போரோ போட்டியில் போய் நின்றால், மற்ற ஜோடிகள் எல்லாம் எங்களுக்கு எதிரே வருகின்றன! ஒருவர்மேல் மோதவே செய்தோம். தலைமை நடுவர் இசையை நிறுத்தினார். "குஷிரோலேருந்து ஒரு கண்ணாடி வந்திருக்கு, அதுல நம்ம முகத்தப் பாத்துக்கலாம்" என்றார். அரங்கமே சிரித்தது. கடைசி இடம்.

எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுப் படித்தோம். பிறகு தேசியப் போட்டியில் மூன்றாம் இடம், அதுவும் ஒருமுறை அல்ல. ஆனாலும் கண்ணாடி ஜோடி என்ற பெயர் போகவில்லை. அந்த நடுவரின் சாவுக்கு நான் போகவில்லை. கென்சோ போனார்.

இன்று அவர் சமையலறையில் எழுந்து நின்றார். அன்று விரிப்பைப் பார்த்துத் தப்பாகக் கற்றபடியே, இடது கையை என் முதுகில் வைத்தார். உறுதியாக நின்றது. வலது கை என் உள்ளங்கையில் சும்மா கிடந்தது. அதைத் தாங்கிக்கொள்வது எனக்கு ஒரு பாரமா? காலுறையோடு வலப்பக்கமாக, அடுப்படியிலிருந்து குளிர்பெட்டிவரை. நல்ல கால் வெளியே இருந்தது. தள்ளியது.

உடம்பு மறக்கவில்லை. இரண்டு உடம்பும்.

பிப்ரவரி 2

பனித்தள மேலாளர் ஹனாவா முடியாது என்கிறார். எதிர்த்திசையில் யாரும் சறுக்கக் கூடாது. தளம் காலியாக இருக்கும் நேரம் எல்லாம் ஹாக்கிக்குப் போய்விட்டது.

"எதிர வந்தா பிள்ளைங்க மேல மோதிடுவீங்களேம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"மோதிப் பாத்தவ நான். எனக்கா சொல்றீங்க?"

நாளையும் போவேன்.

பிப்ரவரி 8

தேநீர்க் குடுவையோடு ஹனாவாவின் அறை வாசலில் தினமும் உட்காருகிறேன். வேலைக்காரர்கள் என்னைச் சுற்றித் துடைக்கிறார்கள். இன்று அவரே ஒரு மெத்தை கொண்டுவந்து போட்டார். அவர் மேல் எனக்குக் கோபம். மெத்தை கதகதப்பாக இருந்தது.

பிப்ரவரி 11

ஹனாவா வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். ராத்திரி முழுக்க யோசித்தாராம்.

"நீங்க ரெண்டு பேரும் எல்லாருக்கும் எதிர வர வேண்டாம்மா. ஞாயித்துக்கிழமை கடைசி கால் மணி நேரம், எல்லாரையும் உங்க பக்கம் திருப்பிடறேன்."

எழுந்து தலை குனிந்தேன், நன்றாகவே குனிந்தேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: இனி எல்லாரும் வலப்பக்கமாகச் சுற்றவும்.

தளமே தடுமாறியது. ஹாக்கி ஆட்டக்காரன் ஒருவன் தன் காலிலேயே இடறி விழுந்தான். பதக்கம் வாங்குகிற பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு கிறீச்சிட்டார்கள். பிறந்ததிலிருந்து ஒரு பக்கமே சுற்றிய கால்கள், பாவம்.

தலைக்கவசம் போட்ட கிழவரும் நானும் நடுவே புறப்பட்டோம். முதல் வளைவு வந்தது. அவர் இடது கை என் முதுகை அழுத்தியது, போ என்று. போனோம். வளைவு கடந்தது. அடுத்ததும்.

"மிட்சு. எல்லாரும் ஏன் இப்படி விழறாங்க?"

"யாரும் விரிப்புக்குப் பின்னாடி உட்கார்ந்து படம் பாக்கல, அதான்."

சிரித்ததில் தாளம் தப்பினார். தப்பட்டும்.

பிப்ரவரி 18

அந்த நடுவருக்கு ஓர் ஊதுபத்தி ஏற்றினேன். ஒன்றுதான்.

மார்ச் 3

ரப்பர் பந்தைக் கேட்டு வாங்கி அமுக்குகிறார். ஞாயிற்றுக்கிழமைக்காம்.

பனித்தளத்தில் ஹனாவா பலகை மாட்டியிருக்கிறார்: ஞாயிறு, கடைசி கால் மணி நேரம், வலச் சுற்று. யாரிடமோ எங்கள் கதையைக் கேட்டு, அதன் கீழே பிள்ளைகள் மையில் எழுதி வைத்திருக்கிறார்கள், கண்ணாடி நேரம் என்று. அழித்துவிடட்டுமா என்று கேட்டார்.

எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாக எழுதச் சொல்லுங்கள் என்றேன்.