எனக்கு ஒன்றாம் படி, ரெக்ஸுக்கு ஆறாம் படி

வின்யார்ட், டாஸ்மேனியா
டிசம்பர் 27

அன்பு மகள் நரெலுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், வீடு நலம், வேலியோரத் தக்காளிச் செடிகளும் நலம். அங்கே அபர்டீன் குளிரில் நீயும் மாப்பிள்ளை கேலமும் குட்டி இஸ்லாவும் சளி இருமல் அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர் இப்போது எதற்குப் பேனாவை எடுத்தார் என்று யோசிப்பாய். விஷயம் இருக்கிறது, மெதுவாக வருகிறேன். முதலில் பக்கத்து வீட்டு ரெக்ஸைப் பற்றிய என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், அதைக் கொட்டாமல் எனக்கு வேறு எதுவும் எழுத வராது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முதல் தக்காளி யார் தோட்டத்தில் பழுக்கும் என்று எனக்கும் அவனுக்கும் நாற்பத்தோரு வருஷமாக நடக்கும் போட்டி உனக்குத் தெரியும். அதில் இருபத்தாறு வருஷம் அவன்தான் ஜெயித்திருக்கிறான். அதுகூடப் போகட்டும், ஒருமுறை அவன் கொடுத்த பழத்தைக் கடித்துவிட்டு உன் அம்மா, 'ரெக்ஸோடது கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி, இல்ல?' என்றாள் பார், அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அவள் போய் மூன்று வருஷமாகிறது, அந்த வார்த்தை போகவில்லை. இப்போது அவனுக்கு ஆளும் வந்துவிட்டது. பிரமிளா என்று ஒரு நேபாளத்துப் பெண். வாரத்தில் ஐந்து நாள் காலை எட்டு மணிக்குச் சின்னச் சிவப்புக் காரில் வந்து இறங்குகிறாள். அவனைக் குளிக்க வைக்கிறாள், கால்விரல் இடுக்கெல்லாம் துடைத்து மருந்து போடுகிறாள், முட்டை பொரித்துத் தருகிறாள், வெள்ளிக்கிழமையானால் மதியம் வந்து கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பொரித்த மீன் வாங்கிக் கொடுக்கிறாள். இதையெல்லாம் நான் ஒளிந்திருந்து பார்க்கவில்லை, நம் சமையலறை சன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சிரிப்புச் சத்தம் வேறு. ரெக்ஸ் சொல்வானே, செம்மறி ஆடு பஸ் ஏறின கதை, அதற்கு இந்த ஊரில் இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை. அவள் சிரிக்கிறாள். அந்தச் சத்தம் வேலியைத் தாண்டி வரும்போது நான் எரித்துவிட்ட ரொட்டியைச் சுரண்டிக்கொண்டு தனியாக நிற்பேன்.

எல்லாம் அரசாங்கம் தருவது. உன் அம்மா படுக்கையில் இருந்தபோது வீட்டு உதவிக்கு நான்கு படிகள்தான் இருந்தன, முடியாமை கூடக் கூடப் படியும் உதவியும் கூடும், அவள் நான்காம் படி, ஹெலன் என்ற ஒரே பெண் கடைசி நாள் வரை வந்தாள். இப்போது சட்டத்தையே மாற்றி எட்டுப் படி ஆக்கிவிட்டார்கள். வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்கலாம், அதற்குத்தான் இந்த மாற்றமெல்லாம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். மதிப்பீடு செய்ய ஒருவர் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார், பதில்களைக் கணினியில் போட்டால் அது படியைச் சொல்லும், வந்தவரே நினைத்தாலும் மாற்ற முடியாதாம். ரெக்ஸிடம் ஆகஸ்டில் வந்தாள், என்னிடம் செப்டம்பரில். கேட்லின் என்ற அதே பெண், அதே கேள்விகள். அவனுக்கு ஆறாம் படி, எனக்கு ஒன்றாம் படி. ஒரே தெரு, ஒரே வயது, சொல்லப்போனால் அவனைவிட நான் எட்டு மாதம் மூத்தவன். ஒன்றாம் படிக்கு என்ன கிடைக்கும் தெரியுமா, வாரம் ஒருநாள் தரை துடைக்க ஒரு பெண். அதுவும் ஒவ்வொரு வாரமும் வேறு ஆள். வாளி எங்கே இருக்கிறது என்று காட்டி முடிப்பதற்குள் அவள் நேரம் முடிந்துவிடுகிறது, எவளும் சிரிப்பதும் இல்லை.

ரெக்ஸ் ஏமாற்றித்தான் ஆறாம் படி வாங்கினான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மதிப்பீட்டு நாளில் அவன் இருந்த கோலத்தை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். மூன்று நாள் தாடி, டீக்கறை படிந்த கம்பளி அங்கி, தொட்டி நிறையக் கழுவாத பாத்திரம். 'அரசாங்கத்துலேர்ந்து ஆள் வருது, மூஞ்சியையாவது கழுவக் கூடாதாடா?' என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். 'கழுவ முடிஞ்சா அவங்கள எதுக்குடா கூப்பிடப் போறேன்?' என்றான். நான் அப்படிச் செய்வேனா? முதல் நாளே முடி வெட்டிக்கொண்டேன். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கிளப்பின் டையைக் கட்டினேன், ஷூவுக்கு மெருகு போட்டேன், பிடித்து நடக்கிற வாக்கரைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளினேன், குளிக்கும்போது உட்காருகிற நாற்காலியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். ஆமாம் நரெல், என்னிடம் வாக்கர் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது, ஒன்றரை வருஷமாக இருக்கிறது. கேட்லின் வந்ததும் டீயும் ஸ்கோன் பன்னும் வைத்தேன். தேவாலயத்துப் பெண்கள் சந்தையில் விற்பதை வாங்கிச் சூடுபண்ணி, உன் அம்மாவின் பூப்போட்ட தட்டில் அடுக்கி, நானே சுட்டேன் என்றேன். குளிக்கக் கஷ்டமா என்று கேட்டாள், 'எண்பத்து மூணு வருஷமா குளிக்கிறேம்மா, இன்னுமா பழகாம இருக்கும்?' என்றேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். அவள் போன பிறகு இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அக்டோபரில் வந்த கடிதத்தில், இவர் சமையலில் தற்சார்பு உடையவர், பலகாரம் சுடுகிறார் என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வரியைப் படிக்கும்போதுதான் சன்னல் வழியே பிரமிளாவின் சிரிப்பு வந்தது.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. டிசம்பர் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை நான் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். ரெக்ஸ் விறகு தூக்குகிறான், தோட்டம் கொத்துகிறான், ஆறாம் படியெல்லாம் அவனுக்கு எதற்கு என்று சொல்லப் போன் செய்தேன். நம் ஊரில் ஒருவனை அதிகாரியிடம் காட்டிக்கொடுப்பதைவிடக் கேவலம் வேறில்லை, பள்ளியில் நீ ஒருமுறை கோள் சொன்னதற்கு ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தவன் நான். அப்படிப்பட்ட நான்தான் நடையில் சுவர்ப் போனுக்கு முன்னால் நின்றேன். பாட்டு ஓடியது, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, நாற்பது நிமிஷம் நின்றேன். இடது கால் மரத்துப்போய் மடங்கியது, விழுந்துவிட்டேன். எண் பொத்தான்களும் அதிலேயே இருக்கிற ரிசீவர் மட்டும் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் எடுத்து, எப்படி இருக்கீங்க, என்ன உதவி வேணும் என்று கேட்டாள். தரையில் கிடந்தபடி, 'நல்லா இருக்கேம்மா, ஒண்ணும் வேண்டாம்' என்று சொல்லி வைத்துவிட்டேன். அதே போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீ கத்துவது எனக்குக் கேட்கிறது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றால் ரெக்ஸ் பார்ப்பான். அதற்காகவே நாலரை மணி நேரம் தரையில் கிடந்தேன்.

மீன் தின்னப் போனவர்கள் திரும்பி வரும்போது மழை பிடித்திருக்கிறது. கொடியில் என் துணி நனைவதைப் பார்த்து ரெக்ஸ்தான் சந்தேகப்பட்டானாம். மழை வருவதற்கு முன்பே துணி எடுக்கிற ஆள் நான் என்று அவனுக்குத் தெரியும், நாற்பத்தோரு வருஷமாக அவனும் என்னைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். பிரமிளா பின்கதவு வழியாக ஓடி வந்தாள். 'அங்கிள், விழுந்தவங்கள நான் தூக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, ஆனா விட்டுட்டுப் போக மாட்டேன்' என்று தலைக்குத் தலையணை வைத்து, போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அவள் கை சூடாக இருந்தது. உன் அம்மாவுக்குப் பிறகு யாரும் என் நெற்றியைத் தொட்டதில்லை. ரெக்ஸ் தன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து உன் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தான், ஆம்புலன்ஸ் வரும்வரை அசையவில்லை. 'யாருக்குடா போன் பண்ணிட்டிருந்த?' என்று கேட்டான். நரெலுக்கு என்றேன். 'நல்ல பொண்ணு, எடுத்தாளா?' என்றான். எடுக்கல என்று ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சேர்த்தேன், உன் தலையிலும் பழி போட்டேன். பிறகு அவனாகவே சொன்னான், ஜூலையில் குளியல் தொட்டிக்குள் சறுக்கி ஒரு காலை முழுக்கக் கிடந்தானாம். 'அன்னைக்கு அந்தப் பொண்ணு வந்தப்ப நான் நடிக்கலடா நெவ். நான் இருக்கறதே அப்படித்தான். உனக்காகத்தான் வேலிகிட்ட வர்றப்பல்லாம் சட்டை மாத்திட்டு வருவேன்' என்றான்.

இடுப்பெலும்பில் கீறல், பெர்னி மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தேன். போனில் கேமரா கெட்டுவிட்டது என்று செய்தி அனுப்பினேனே, அது அப்போதுதான். போன ஞாயிறு நீ பார்த்ததும் புத்தக அலமாரியை மட்டும்தான், பிஸ்கட் டப்பாவில் போனைச் சாய்த்து, கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டிருக்கும் கட்டில் தெரியாதபடி வைத்திருந்தேன். மருத்துவமனை ஏற்பாட்டில் இப்போது தற்காலிகமாக வருகிற உதவி ஜனவரி மாதக் கடைசியில் முடிகிறது. அதன் பிறகு ஒன்றாம் படியோடு இவர் தனியாக இருக்க முடியாது, மறுமதிப்பீட்டில் படி ஏறவில்லை என்றால் முதியோர் இல்லம்தான் என்று மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பெர்னியில் ஒரு இடம் காலியாக இருக்கிறதாம், சன்னலோரக் கட்டிலாம். எனக்கு அந்தச் சன்னல் வேண்டாம் நரெல். எனக்கு ரெக்ஸ் வீட்டைப் பார்க்கிற இந்தச் சன்னல்தான் வேண்டும்.

கேட்லின் ஜனவரி இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு மறுபடி வருகிறாள். உனக்கு அது முந்தின நாள் இரவு பதினொரு மணி, இஸ்லாவோடு சேர்ந்து தூங்கிவிடாதே. என்னை நன்றாகத் தெரிந்தவர்கள் கூட இருக்கலாமாம். ரெக்ஸ் வருகிறேன் என்று சொல்லிவிட்டான், நீ போனில் இருக்க வேண்டும். எங்கப்பா கெட்டிக்காரர், எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார் என்று வழக்கம்போல் பெருமை பேசிவிடாதே. இந்த வருஷம் நான்கு முறை விழுந்திருக்கிறேன், தனியாக இருந்தால் வாரக்கணக்கில் குளிப்பதில்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறேன், சாப்பாடு பெரும்பாலும் டப்பா பீன்ஸ், மாத்திரையைச் சில நாள் இரண்டு முறை விழுங்குகிறேன், சில நாள் மறந்துவிடுகிறேன். இதை நீ சொல்ல வேண்டுமென்றால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், போனில் உன் முகத்தைப் பார்த்தால் என் வாய் வேறு பேசும், அதனால்தான் கடிதம். இருபதாம் தேதிக்கு முன்னால் புகார் எண்ணுக்குப் போன் செய்ததை ரெக்ஸிடம் சொல்லிவிடுவேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வராமல் போனாலும் போகட்டும், நான்தான் தேடிக்கொண்டேன்.

இன்னொன்று கேள். நான் மருத்துவமனையில் கிடந்தபோது நம் செடிகளுக்கு அவன்தான் தினமும் தண்ணீர் விட்டிருக்கிறான். இருபத்து மூன்றாம் தேதி நம் பாத்தியில்தான் முதல் பழம் பழுத்தது, அவனுடையது மறுநாள். 'இந்த வருஷம் நீதான்டா' என்று அதைப் பறித்து என் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தான். தின்று பார்த்தேன், இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருந்தது. ஜெயித்தது நான், தண்ணீர் அவனுடையது என்று நினைத்து அதற்கும் பொறாமைப்பட்டேன், இந்தக் குணம் எந்தப் படியிலும் எனக்குப் போகாது.

மாப்பிள்ளையிடம் குளிரில் தலைக்குத் தொப்பி இல்லாமல் வெளியே போக வேண்டாம் என்று சொல். இஸ்லாவுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஆயுசோடும் சுகத்தோடும் இருக்க அப்பாவின் ஆசிகள். இந்தக் கடிதத்தைப் பிரமிளாவிடம்தான் தபாலில் போடக் கொடுக்கப்போகிறேன். திரும்பப் படித்துப் பார்த்தால் தொடக்கத்திலேயே நான் நலம் என்று எழுதியிருக்கிறேன், கை தானாக எழுதிவிட்டது. அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். மறக்காமல் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள், கேட்லின் உன்னிடம் கேட்கும்போது முதலில் அந்த வரியைப் படித்துக்காட்டு, எங்கப்பா தரையில் கிடந்தாலும் இதைத்தான் சொல்வார் என்று சொல்.

உன் அன்பு அப்பா,
நெவில்