அழைப்பு வராவிட்டால் நலம்

பிப்ரவரி 12, செவ்வாய்

காலையிலேயே ஆலங்கட்டி மழை. மலைமேல் இருக்கும் எங்கள் எல் ஆல்ட்டோ நகரம் முழுவதும் வெள்ளைச் சேறு. பரிசோதனைக்கூடத்து வாசலில் விற்ற ஆபியை, அந்தச் சூடான சோளக் கஞ்சியை, அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். கூடத்தில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வருக்குப் புது டிஸ்க் கேட்டு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை.

பிப்ரவரி 18, திங்கள்

பக்கத்து ஊரான வியாச்சாவிலிருந்து டெல்ஃபினா என்று ஓர் அம்மா வந்தாள். முதுகுத் துணியில் மூன்று வாரப் பெண்குழந்தை, அபிகாயில். வரவேற்பறையில் குழந்தையின் பெயர் கணினியில் கிடைக்காததால் என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

"இதுக்கு முன்னயே நான் மூணு பெத்தவ, இஞ்சினியரம்மா. மூணும் கத்துன கத்துல தெருவே முழிச்சுக்கும். இது பூனக்குட்டி மாதிரி முனகுது, அப்புறம் தூங்குது. போன் வரலைன்னா புள்ள நல்லாருக்குன்னு அர்த்தமாம், நர்ஸம்மா சொல்லுது. எனக்கு மனசு ஒப்பல."

நர்ஸ் சொன்னது எங்கள் கூடத்தின் சட்டம்தான். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத் துளி, ஓர் அட்டையில் காய்ந்து எங்களிடம் வரும். கெட்ட செய்தி என்றால் மட்டும் தாய்க்குப் போன் செய்வோம். அழைப்பு வராவிட்டால் நலம் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

தரவுத்தளத்தில் தேடினேன். அபிகாயிலின் அட்டை எண்ணுக்கு நலம் என்றும் இல்லை, கேடு என்றும் இல்லை. அவளுக்கென்று ஒரு வரியே இல்லை. முந்தைய எண்கள் இருக்கின்றன, பிந்தைய எண்களும் இருக்கின்றன. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை.

அட்டை குளிர் அறைப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. கூடத் தலைவி டாக்டர் இவோன் அதை மறுபடி கருவியில் வைத்திருக்கிறார். டெல்ஃபினா வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். தாழ்வாரத்துப் பெஞ்சில்தான் படுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 19, செவ்வாய்

கேடுதான். தைராய்டு சுரப்பே இல்லை என்று சொல்லலாம்.

டாக்டர் இவோன் மாத்திரையைப் பொடித்து, ஸ்பூனில் தாய்ப்பாலோடு கலந்து, தன் கையாலேயே ஊட்டினார். "இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா இவ மூளைக்கு நாம எதையும் திருப்பிக் குடுத்திருக்க முடியாது" என்றார். இப்போதே தாமதமா என்று கேட்டேன். "அத இவதான் சொல்லணும். பொறுத்துப் பாக்கணும்."

என்னால் அந்த அட்டையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பொட்டு அளவு ரத்தம், காய்ந்து பழுப்பாகிவிட்டது. வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தும் அதற்கு எதுவும் மறக்கவில்லை. கேட்டவுடன் சொல்லிவிட்டது. நான் கட்டிக் காக்கும் சர்வர், ஒரு குழந்தையை முழுசாக மறந்துவிட்டு, மறந்தோம் என்பதையும் மறந்து உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 21, வியாழன்

ராத்திரி முழுக்க எனக்கு இதே கேள்விதான்: இன்னும் எத்தன பேரு? இருக்கிறதத் தேடலாம். இல்லாம போனத எப்படித் தேடுறது? எங்கயோ ஒரு புள்ள தூங்கிக்கிட்டே இருக்கும், போன் வரலியேன்னு அதோட அம்மா நிம்மதியா இருப்பா.

டாக்டர் இவோன் கத்தவில்லை. குளிர் அறையிலுள்ள அட்டைகளை எல்லாம் எடுத்து, தரவுத்தளத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொன்னார். கூடமே அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டது.

பிப்ரவரி 25, திங்கள்

எனக்கு டிஸ்க் மேல்தான் சந்தேகம். பழைய டிஸ்க் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் உள்ளே பார்த்ததில்லை. கண்ணாடி போல ஒரு தட்டு. அதன்மேல் எழுதும் முனை தட்டைத் தொடுவதே இல்லையாம். தட்டு சுழலும்போது எழும் காற்றில் மிதந்துகொண்டே எழுதுகிறது. தலைமுடியை நடுவே விட்டால் முட்டிக்கொள்ளும், அவ்வளவு தாழ்வாகப் பறக்கிறது. நாங்கள் எழுதியதெல்லாம் காற்றை நம்பித்தானா? எங்கள் ஊரிலோ காற்றே குறைச்சல். கடற்கரைக்காரர்கள் வந்தால் படியேற மூச்சு வாங்குகிறார்கள்.

இதுதான் காரணம், மலைதான் காரணம் என்று பாதி மகிழ்ச்சியோடு சோதித்தேன். இல்லை. சர்வரின் டிஸ்க் மெல்லிய காற்றுக்கென்றே செய்தது. ஒரு கீறல்கூட இல்லை.

பிப்ரவரி 27, புதன்

ஒப்பிட்டு முடித்தார்கள். காணாமல் போனவை எல்லாம் வெள்ளிக்கிழமை மாலை கடைசியாக ஏற்றிய முடிவுகள். அதுவும் எல்லா வெள்ளியும் அல்ல, மாதத்தின் முதல் வெள்ளி மட்டும். அந்த மாலைகளில் சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்திருக்கிறது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். மழைக்கால மின்வெட்டு என்று விட்டுவிட்டேன். ஆனால் ஜூலையிலும் அணைந்திருக்கிறது, எங்கள் ஊரில் ஜூலையில் ஏது மழை?

முதல் வெள்ளி என்றால் என்னவென்று இங்கே யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பூமித்தாய்க்குப் புகை போடும் நாள். நான் சபைக்காரி என்பதால் அன்று மட்டும் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் பாஸ்டரிடம் சொன்னால், பார்த்தாயா, புகை போட்டதன் பலன் என்பார். எனக்கே ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. வரும் வெள்ளி வீட்டுக்குப் போகாமல் இருந்து பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

மார்ச் 1, வெள்ளி

இருந்தேன். முதல் வெள்ளி, கார்னிவலுக்கு முந்தைய வெள்ளியும்கூட. சர்வரில் வண்ணக் காகிதச் சுருள் கட்டியிருந்தார்கள்.

வாரம் முழுவதும் பார்த்த முடிவுகளைக் கடைசியாக ஒரே மூச்சில் ஏற்றினார்கள். திரையில் "சேமித்தாயிற்று" என்று வந்தது. எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். கணப்புச் சட்டியில் கரி, அதன்மேல் வாசனைத் தழை, லாமாக் கொழுப்பு, சர்க்கரையில் செய்த வீடு, சர்க்கரையில் செய்த குழந்தைகள்.

காவலாளி டோன் சத்துர்னீனோவுக்கு என்னைக் கண்டு ஒரே குஷி. "சபைக்காரம்மா இன்னைக்கு மதம் மாறிட்டாங்க போல."

"சும்மா வேடிக்க பாக்க வந்தேன்."

"பாருங்க, பாருங்க. காசு கேக்க மாட்டோம்." சொல்லிக்கொண்டே சுவர்ப்பெட்டியைத் திறந்து ஒரு லீவரை இறக்கினார்.

"அது எதுக்கு?"

"பொக வந்தா கத்துற மணிக்குப் போற கரண்ட நிறுத்தத்தான். முன்ன ஒரு தடவ இறக்காம விட்டு, பூச நடுவுல அது ஊளையிட்டு, டாக்டரம்மா பயந்துட்டாங்க. பொக அடங்குனதும் ஏத்திடுவேன்."

சர்வர் அறையை எட்டிப் பார்த்தேன். இருட்டு. அறையை மாற்றியபோது எவனோ ஒரு மின்பணியாளன், பக்கத்தில் இருக்கிறதே என்று அதே கம்பியில் சர்வரையும் இணைத்துவிட்டுப் போயிருக்கிறான். மின்வெட்டைத் தாங்க வேண்டிய பெட்டியின் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது.

புகை அடங்கியது. லீவர் ஏறியது. சர்வர் ஒன்றும் நடவாதது போல எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசி முடிவுகள் இல்லை. கண்முன்னே "சேமித்தாயிற்று" என்று சொன்னதே. டிஸ்கில் எழுதவில்லை, தன் தற்காலிக நினைவில், கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்லியிருக்கிறது. கரண்ட் போனதும் கை திறந்துகொண்டது. நாங்கள் பிரார்த்தித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், பிரார்த்தனைக்காகவே.

டோன் சத்துர்னீனோவிடம் சொன்னேன். சட்டியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானா?" என்றார். நீங்கள் இல்லை, லீவரில் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை, பேட்டரியைப் பார்க்க வேண்டியவள் நான் என்றேன். சொல்லும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மார்ச் 8, வெள்ளி

காணாமல் போன அட்டைகளை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்தாயிற்று. அத்தனை குழந்தைகளும் நலம். காணாமல் போனவர்களில் கேடு இருந்தது அபிகாயில் ஒருத்திக்குத்தான், அவளுக்குத்தான் மனசு ஒப்பாத ஒரு தாய் வாய்த்திருந்தாள். இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? தெரியவில்லை. சபையில் இன்று வெகுநேரம் மண்டியிட்டிருந்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

சர்வருக்குத் தனிக் கம்பி, புது பேட்டரி. டிஸ்கில் எழுதும்வரை "சேமித்தாயிற்று" என்று சொல்லக் கூடாதென்று அதன் வாயையும் கட்டிவிட்டேன். டோன் சத்துர்னீனோ இனி எந்த லீவரையும் தொட மாட்டாராம். புகை மணி பூசை முழுவதும் ஊளையிட்டது, யாரும் நிறுத்தவில்லை. நானும் நின்றேன். சர்க்கரைக் குழந்தை உருகுவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மே 9, வியாழன்

சுவரில் இருந்த வாசகத்தைக் கிழித்தாயிற்று. நலம் என்றாலும் போன் செய்வது என்று டாக்டர் இவோன் புது சட்டம் போட்டிருக்கிறார். போன் செய்யும் வேலை முறைவைத்து எல்லோருக்கும் உண்டு, இன்று என் முறை. பரிசோதனைக்கூடம் என்றதுமே ஒருத்தி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நலம் என்பதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. இன்னொருத்தி, "நல்லாருக்குன்னு சொல்லவா இப்படி ஈரக்கொலைய நடுங்க வச்ச?" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டாள். நாள் முழுவதும் இப்படியே வசை வாங்கினேன்.

கடைசியாக வியாச்சாவுக்குப் போட்டேன். அபிகாயிலின் புது ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது, வளர்ச்சியும் சரி என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதைச் சொன்னேன். மறுமுனையில் ஒரே இரைச்சல். டெல்ஃபினா பேசியது எதுவும் விளங்கவில்லை.

"என்னம்மா, சத்தமா சொல்லு, கேக்கல."

"நான் சொல்றது கெடக்கட்டும், இஞ்சினியரம்மா. இவ கத்துறா பாருங்க, அதக் கேளுங்க." போனைக் குழந்தையிடம் நீட்டிவிட்டாள் போலிருக்கிறது.

வீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி வீறிட்டாள். பசியாம். நான் வைக்கவில்லை. பால் கொடுக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.