அந்த அறையில் இருந்தவை

பலேர்மோ,
4 பெப்ரவரி 2024

அன்புள்ள பீலிக்ஸ்,

ஜெனோவாவில் குளிர் எப்படி? தொலைபேசியில் இருவரும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்று எழுதுகிறேன். இங்கே போர்கோ வெக்கியோத் தேவாலய மண்டபத்தில் றெஜி அக்கா நடத்தும் கவிதைப் பட்டறையில் என்னை மேல்வகுப்பில் சேர்த்திருக்கிறார். நம் மொனிகாவைப் பற்றிய கவிதையை நேற்று வாசித்தேன். ‘தாங்க முடியாத துயரம்’ என்ற வரியை அக்கா வெட்டினார்.

“இது ஆருக்கும் பொருந்தும், செலஸ்ரீனா. பிள்ளை போன அந்த அறையில என்ன இருந்தது? அதை எழுதுங்கோ.”

எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் டொக்டரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே நீங்கள்தான் இருந்தீர்கள். இவ்வளவு காலமும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உங்கள்
செலஸ்ரீனா

ஜெனோவா,
19 பெப்ரவரி

செலஸ்ரீனா,

நீர் நாலு பேரோடு பழகுவது நல்லது. ஆனால் பிள்ளையின் கடைசி நேரத்தை ஒரு வகுப்புக்காகக் கேட்கிறீரே! பூசைக்கு வரும் சனம் அதைக் கேட்டுக் கைதட்டுமோ? இனி இதைப் பற்றி எழுதவேண்டாம்.

பீலிக்ஸ்

பலேர்மோ,
3 மார்ச்

அன்புள்ள பீலிக்ஸ்,

உங்கள் கோபம் விளங்குகிறது. கட்டில், சேலைன் போத்தல், திரைச்சீலை என்று நானாகவே போட்டு எழுதிப் பார்த்தேன். எல்லாம் பொய். வாசிக்க வாசிக்க மொனிகா யாரோ ஒரு பிள்ளையாகிப் போனாள். நேற்று வகுப்புக்கு அதைக் கொண்டுபோகவில்லை. வீட்டில் கதைக்க ஆளில்லை. எவ்வளவு குறைத்துச் சமைத்தாலும் மிஞ்சுகிறது.

கவிதைக்காக இல்லை, பீலிக்ஸ். அவள் என்னைத் தேடினாளா?

செலஸ்ரீனா

ஜெனோவா,
25 மார்ச்

செலா,

தேடினாள். உம்மைக் கூப்பிட எழும்பினேன், அவள் என் விரலை விடவில்லை. “அப்பா, எனக்கு நோகுது. அம்மாட்டைச் சொல்லாதேங்கோ, அவ அழுவா” என்றாள். கீழே தெருவில் ஒருவன் மீன் கூவி விற்றான். அவனைப் போலக் கூவிக் காட்டிச் சிரித்தாள். பிறகு கதைக்கவில்லை.

உமக்குச் சொல்லவேண்டாம் என்பதுதான் என்னிடம் அவள் கடைசியாகக் கேட்டது. உம்மோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை மறைக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் வந்துவிட்டேன். வேண்டுமென்றால் இதைக் கவிதையில் எழுதும். திரும்பி வரச் சொல்லாதேயும்.

பீலிக்ஸ்

பலேர்மோ,
7 ஏப்ரல்

அன்புள்ள பீலிக்ஸ்,

அழுதேன். அழுவேன் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

நேற்று அக்கா கேட்டார்: “எழுதிக் கொண்டு வந்தனீங்களோ?”

“இல்லை அக்கா. அறையில என்ன இருந்ததெண்டு இப்ப தெரியும். ஆனால் அது எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்தான் சொந்தம்.”

அவர் வற்புறுத்தவில்லை. பட்டறையின் தொகுப்பில் என் கவிதை இராது.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். உங்களைக் கூட்டிக்கொண்டு போக அல்ல. அவள் கூவினதை நீங்கள் ஒருதரம் எனக்குச் செய்துகாட்ட வேண்டும். கப்பல் சனி பின்னேரம் வந்து சேரும். துறைமுகத்துக்கு வரவேண்டாம். கதவைத் திறந்தால் போதும்.

செலா