மித்ராஸ் கல்லில் உடைந்திருந்த தீப்பந்தம்

அன்புள்ள சாகுல் அண்ணனுக்கு,

உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை, நீங்கள் போன பிறகு எழுதுகிறேன். எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களைப் பற்றிப் பேசியது எல்லோர் காதிலும் விழுந்தது. நான் செய்ததும் விழட்டும்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கீழக்கரைக்காரர். இங்கே வளைகுடாவில், அல் கூஸில், கண்காட்சிகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பழம்பொருட்களைப் பெட்டி பிரித்து, பத்திரமாக வைத்து, மறுபடி பெட்டி கட்டி அனுப்பும் எங்கள் கிடங்கில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். நான் திருச்சிக்காரி. வந்த பொருளில் கீறல் உண்டா, உடைசல் உண்டா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நீங்கள் தூக்குவீர்கள், நான் எழுதுவேன். முதல் நாளே என்னைத் தங்கச்சி என்றீர்கள்.

அந்த மித்ராஸ் கல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ரோமானியர் காலத்துப் பளிங்குப் பலகை. காளையின் முதுகில் ஒரு முழங்காலை ஊன்றி, அதன் மூக்கைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் கத்தியை இறக்கும் மித்ராஸ் என்ற தெய்வம். வழியும் இரத்தத்தை நோக்கித் தாவும் நாயும் பாம்பும், காளையின் அடிவயிற்றில் ஒரு தேள், மேலே காகம், மூலைகளில் சூரியனும் சந்திரனும். காளையின் வால் நுனி கோதுமைக் கதிராக முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் தீப்பந்தம் ஏந்திய இருவர். ஒருவன் பந்தத்தை மேலே தூக்கியிருந்தான், மற்றவன் கீழே சாய்த்திருந்தான். மேலங்கி மடிப்புகளில் மட்டும் பழைய சிவப்புச் சாயம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

நுரைப்பஞ்சை எடுத்ததும் நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

"குர்பானிக்கு மாடு விழுறதப் பார்த்தவன் செதுக்குனது தங்கச்சி. முன்னங்கால் அப்படித்தான் மடங்கும். ஆனா இந்த ஆளு குத்துறப்ப மாட்டப் பார்க்க மாட்டேங்கிறான் பாருங்க. மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கிட்டான்."

கூட வந்த குறிப்பிலிருந்து உங்களுக்குப் படித்துச் சொன்னேன். தரைக்கு அடியில் குகை போல அறை கட்டி, இரண்டு பக்கமும் திண்டு போட்டு, ஆண்கள் மட்டும் கூடி விருந்துண்டு கும்பிட்ட சாமி. சிப்பாய்கள், சுங்கத்து ஆட்கள், அடிமைகள் எல்லோரும் வந்தார்கள். அவர்களுடைய வேதம் என்று எதுவும் கிடைக்கவில்லை. மண்ணுக்குள்ளிருந்து இந்தக் கற்கள்தான் கிடைத்தன, அதனால் எதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள் என்றேன்.

"எழுதி வைக்காமப் போயிட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். உடனே உங்கள் விரல் இடப்பக்கத்து ஆளிடம் நின்றது. "இங்க பாருங்க. பந்தத்தோட முனை உடைஞ்சிருக்கு. புது உடைசல், வெள்ளையாத் தெரியுது. வழியிலதான் போயிருக்கணும். ஒரு படம் எடுத்துட்டு எழுதிக்கங்க. நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துடுறேன்."

படம் எடுத்தேன் அண்ணே. எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிடும். எல்லாக் கட்டத்திலும் 'சேதம் இல்லை' என்று டிக் போட்டுவிட்டு ஓடினேன். திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேறு பெட்டிகள் வந்துவிட்டன.

கண்காட்சி முடிந்து திருப்பி அனுப்பும் நாளில், கல்லுக்குச் சொந்தமான அருங்காட்சியகத்திலிருந்து வந்த அம்மாள் அந்த முனையைக் கண்டுபிடித்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "வந்தப்போ எப்படி இருந்தது சுமதி?"

"முழுசா இருந்தது சார்."

நீங்கள் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் அண்ணே சொல்லவில்லை?

அப்போது என் கணவருக்கு வேலை போயிருந்தது. அவரும் பாப்பாவும் என் விசாவில்தான் இருந்தார்கள். அது உங்களுக்குத் தெரியும். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் குடும்பம் இருந்தது என்பது எனக்கும் தெரியும்.

மறுநாள் டீ குடிக்கும் இடத்தில் என்னைத் தனியாகப் பார்த்து மெதுவாகக் கேட்டீர்கள்: "அன்னிக்கு எடுத்தீங்களே ஒரு படம், போன்ல இருக்கா தங்கச்சி?"

"அழிஞ்சுபோச்சுண்ணே" என்றேன்.

"சரிம்மா" என்று சொல்லி, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனீர்கள். படம் அழியவில்லை. அந்த நிமிஷம் என் கையிலிருந்த போனில்தான் இருந்தது.

கல்லைத் தூக்கி வைத்தவர் நீங்கள் என்பதால், உடைந்தது உங்கள் கவனக்குறைவு என்று எழுதி உங்கள் விசாவை கேன்சல் செய்தார்கள். நீங்கள் ஊருக்குப் போன அன்று நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை எனக்கு.

நீங்கள் மாரடைப்பில் போய்விட்டீர்கள் என்று நம் லாரி டிரைவர் பஷீர் பாய் சொல்லித்தான் தெரியும். அண்ணியின் நம்பரை அவரிடமே வாங்கிப் பேசினேன். நான் துக்கம் கேட்டு முடிப்பதற்குள் அண்ணிதான் கேட்டார்.

"ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கட்டுமா? அவுக அங்கன எதையும் எடுத்துட்டாகளா? சாமான் காணாமப் போனதுக்குத்தான் அனுப்பிட்டாகன்னு இங்க பேசுறாக. அவுக கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல."

"இல்ல அண்ணி, அவர் ஒண்ணும் எடுக்கல" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல அன்றைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் படத்தைக் காட்டி மேனேஜரிடம் எல்லாம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஹலாஸ் சுமதி, ஃபைல் குளோஸ் ஆயாச்சு. ஆளும் போயாச்சு. இனி எதுக்கு?"

"அவர் மேல தப்பில்லன்னு கம்பெனி லெட்டர் வேணும் சார்."

"லெட்டர் குடுத்தா உன் பேர் வரும்."

"வரட்டும் சார்."

கடிதம் கிடைத்தது. படத்தை அருங்காட்சியகத்துக்கும் அனுப்பினார்கள்; வழியில் உடைந்திருக்கலாம், தகவலுக்கு நன்றி என்று அங்கிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கையெழுத்துப் போடும் வேலையிலிருந்து மாற்றி ஸ்டோர் கணினியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அண்ணே. விசா போகவில்லை, வீடு போகவில்லை. இந்த ஒரு தாளுக்குப் பயந்தா உங்களை அனுப்பினேன்?

பிறகு அண்ணியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவுக இருக்கறப்ப சொல்லிருக்கலாம்ல?"

அதோடு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான்.

வீட்டில் பாப்பாவிடமும் சொன்னேன். எட்டாவது படிக்கிறாள். "அம்மா, டிட் ஹி நோ யூ வேர் லையிங்?" என்று கேட்டாள். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கோடை விடுமுறைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். திருச்சிக்குப் போகுமுன் கீழக்கரைக்கு வருகிறேன். அண்ணி கதவைத் திறக்காவிட்டால் தெருவிலேயே நிற்கிறேன். உங்கள் அண்ணன் தம்பிகள், பள்ளிவாசலில் உங்களோடு தொழுதவர்கள், பேசியவர்கள், யார் நின்று கேட்டாலும் அவர்கள் முன்னால் கம்பெனி கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு, 'பொய் சொன்னது நான்' என்று என் வாயால் சொல்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொள்வேன். இது உங்களுக்குச் சத்தியம்.

நீங்கள் கூப்பிட்டதால் மட்டுமே
உங்கள் தங்கச்சி,
சுமதி