உயிரோடு இருக்கையில் அது தங்க நிறம்

என் ஆசை மாமா,

கோபப்படாமல் கேளுங்கள். நான் கடலுக்குப் போய்வந்தேன். நீங்கள் ஓட்டிய அதே படகில்தான்.

நீங்கள் காய்ச்சலில் கண்மூடிய பிறகு படகை உங்கள் தம்பி சேகர்தான் பார்த்துக்கொள்கிறான். இப்போது சூரை மீன் கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறது. பொம்மையார்பாளையத்துப் படகெல்லாம் நிறைந்து திரும்ப, நம் படகு மட்டும் மணலில் கிடந்தது. அவனோடு போகிற ஆள் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டான்.

"நான் வர்றேன் தம்பி" என்றேன்.

"இன்னா அண்ணி பேசறீங்க? பொம்பளைய ஏத்திக்கினு போனா ஊரு சிரிக்கும்."

"சிரிச்சிக்கினு கெடக்கட்டும். மீனு நமக்காகக் காத்துக்கினு இருக்குமா?"

விடியலில் கிளம்பினோம். அலை தாண்டுவதற்குள் குடித்த கூழெல்லாம் வெளியே வந்துவிட்டது. சேகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தான். கரை மறைந்ததும் கடல் கருநீலமானது. படகின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தூண்டிலை விட்டு, ஓட்டிக்கொண்டே போனோம். முள்ளில் கட்டிய வெள்ளை நூல் குட்டி மீன் மாதிரித் துள்ளிக்கொண்டு பின்னால் வந்தது.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் பறவைகள் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தன. சேகர் அங்கே திருப்பினான். தூண்டில் நரம்பு இரண்டும் ஒன்றாக விறைத்தன.

"இழுங்க அண்ணி, ஜல்தி! நரம்பைக் கையில சுத்திக்காதீங்க!"

சூரை! அதை உள்ளே போட்டால் அடுத்தது. உள்ளங்கை எரிந்தது. நான் கத்திய கத்தலில் பறவையெல்லாம் மிரண்டிருக்கும். அப்புறம் மாட்டியது சூரை மாதிரி கீழே இழுக்கவில்லை, எகிறிக் குதித்தது. தங்கம், மாமா! பச்சை முதுகு, மேலெல்லாம் நீலப் புள்ளி.

"இது இன்னா மீனு தம்பி?"

சேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீங்க விக்கிற மீனுதான் அண்ணி!"

விடுதிக்காரர்கள் மகிமகி என்று கேட்டு வாங்குவார்களே, அந்த நெற்றி புடைத்த மீன். இத்தனை வருஷம் என் கூடையில் அது சாம்பல் நிறமாகத்தான் கிடந்தது. படகுக்குள் துடிக்கத் துடிக்க அந்தத் தங்கம் வடிந்துபோனதை இப்போதுதான் பார்த்தேன். கடலில் என்ன இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் தண்ணீர்தான் என்றீர்களே, ஏன் மாமா? சொல்ல வார்த்தை கிடைக்கவில்லையா? சொன்னால் நானும் வருவேன் என்று அடம்பிடிப்பேன் என்ற பயமா?

அதன் ஜோடி படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. "அதுக்கும் தூண்டிலப் போடுங்க" என்றான் சேகர். கை ஒரு கணம் தயங்கியது. பிறகு போட்டேன். மீன்காரி இல்லையா நான்? அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆழத்துக்குப் போய்விட்டது. ஏனோ எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கரையில் நான் படகிலிருந்து குதித்ததைப் பார்த்து ஏலத்துக்கு நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். திண்டிவனம் மார்க்கெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து விற்கும் கன்னியம்மாதான் முதலில் வந்தாள்.

"அடியே அஞ்சல, நீயா புடிச்ச?"

"நாந்தான்."

மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள். "நாளைக்கி எனக்கும் எடம் இருக்குமாடி?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உள்ளங்கைக் கொப்புளத்தில் துணி சுற்றிக்கொண்டு நாளைக்கும் போகிறேன், மாமா. அவளையும் படகையும் பத்திரமாகக் கரை சேர்ப்பேன். இது சத்தியம்.

கடல் பார்த்த உங்கள் பெண்சாதி,
அஞ்சலை